முதல் பேச்சு தலைவருடையதா?

கூட்டம் தொடங்குகிறது. தலைவர் எழுந்து, "எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுபவர்கள் பெரும்பாலும் ஆமோதிப்பார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர், கூட்டம் கலைந்து படியிறங்கும்போதுதான் பக்கத்தில் வருபவரிடம் வாய் திறப்பார்.

என்னைக் கேட்டால், தலைவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலாவைச் சிறுவயதில் வளர்த்தவர் தெம்பு மக்களின் தலைவர் ஜோங்கின்தாபா. அவர் கூட்டிய சபைகளில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை அவர் பேசமாட்டார். அவரையே கடுமையாகக் குறை சொன்னாலும் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், பேசியதையெல்லாம் தொகுத்துச் சொல்வார். உடன்பாடு வராவிட்டால் இன்னொரு கூட்டம். இதைப் பார்த்து வளர்ந்ததைத் தன் தலைமைக்கான பாடமாக மண்டேலா பின்னாளில் எழுதினார்.

அடுத்தது, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனை நடத்தினார். காட்டிய கோட்டுக்கு எந்தக் கோடு நீளத்தில் சமம் என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் கூட இருந்தவர்கள் எல்லோரும், முன்பே சொல்லிவைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொன்னதும், பலர் தம் கண்ணை நம்பாமல் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கூட இருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது அந்தப் போக்கு வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவர் பேச இடம் கொடுப்பது தலைவரின் வேலை. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள். "இதில் எது தப்பாகப் போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, சங்கடமாக இருந்தாலும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

குரல் உயர்ந்தவுடன் "சண்டை வேண்டாம், அடுத்ததுக்குப் போவோம்" என்று மூடுவதும் தவறு. ஆளைத் தாக்கினால் தடுக்கத்தான் வேண்டும். விஷயத்தைப் பற்றிய கோபத்தை ஓட விடலாம்.

ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டால் கருத்துக் கேட்கவே கேட்காதீர்கள், முடிவைச் சொல்லிவிடுங்கள். கேட்டீர்களா, அப்புறம் கூட்டம் முடிந்த சில நாட்களுக்குள் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். முக்கியமாக, யாருடைய யோசனையை ஏற்கவில்லையோ அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.