பீர் ட்ரிப்புக்கு ஊர் தேர்ந்தெடுக்க ஒரு சின்னக் கணக்கு

கிராஃப்ட் பீருக்காக ஊர் தேடும்போது மொத்தம் எத்தனை மைக்ரோபுரூவரி (சின்ன அளவில் அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற பார்) என்று எண்ணாதீர்கள். ஒரே பகுதியில், நடக்கிற தூரத்தில் குறைந்தது மூன்று நான்கு இருக்கிற ஊராகப் பார்த்து அங்கேயே ரூம் போடுங்கள். பெங்களூரு என்றால் இந்திராநகர்: 100 அடி சாலையில் டாய்ட் என்ற மைக்ரோபுரூவரி, சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில, பக்கத்திலேயே மெட்ரோ. குடித்துவிட்டு வண்டி எடுக்கிற பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த ஊர் டிராஃபிக்கில் கேப்புக்கு அழுகிற காசும் மிச்சம். முழு மக் வாங்காமல் சின்னக் கிளாஸ்களில் வரும் சாம்ப்ளர் கேட்டால், கோதுமை பீரிலிருந்து கறுப்பு ஸ்டவுட் வரை ருசி பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.

பெங்களூரின் கிழக்குக் கோடியில் இருக்கிற ஒயிட்ஃபீல்டு பக்கம் ஏதோ ஒரு புரூவரிக்காகவே போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்புறம், அக்டோபர் 2-லும் வாக்குப்பதிவு நாளிலும் எங்கேயும் பீர் கிடைக்காது.