செங்குழியத்துக்குள் குளுக்கோசு எப்படிப் போகிறது? ஆட்டு இரத்தத்தில் செய்து பார்க்கும் முறை

குளுக்கோசு நீரில் நன்றாகக் கரையும். செங்குழிய மென்சவ்வின் உட்பகுதியோ கொழுப்பு. ஆகவே குளுக்கோசு அதைத் தானாக ஊடுருவுவது மிக அரிது. மனிதச் செங்குழியத்தில் இதற்கென்றே குளுட் 1 என்ற புரத வாயில் உண்டு. வளர்ந்த ஆட்டின் செங்குழியம் குளுக்கோசை அநேகமாக உள்ளே விடாது. வாயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்க ஆட்டு இரத்தம் பொருத்தம். மனித இரத்தம் வேண்டவே வேண்டாம், தொற்று அபாயம் உண்டு.

அடிப்படை இதுதான்: கரைபொருள் குழியத்துக்குள் புகுந்தால் பின்னாலேயே நீரும் புகும். குழியம் ஊதி உடையும், கலங்கிய திரவம் தெளிந்த சிவப்பாகும்.

இரத்தம் எடுத்தல்

காத்தான்குடியிலோ கல்முனையிலோ இறைச்சிக் கடையில் முதல் நாளே சொல்லிவைத்து, விடியவே போங்கள். அறுத்ததும் 100 மி.லீ. அளவு போத்தலில் பிடித்து, சுத்தமான ஈர்க்குக் கட்டால் 10 நிமிடம் மெதுவாக, நிறுத்தாமல் கலக்குங்கள். ஈர்க்கில் நார்நாராகச் சுற்றுவது பைபிரின், இரத்தத்தை உறையவைக்கும் புரதம். அதை அகற்றினால் மிச்ச இரத்தம் உறையாது. நுரை வர அடித்தால் குழியங்கள் அங்கேயே உடைந்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே பயன்படுத்துங்கள். கையுறை அவசியம், சமையல் பாத்திரம் எதுவும் வேண்டாம்.

கரைசல்கள்

பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். வாவிக்கரைக் கிணற்று நீரில் உவர் இருக்கும், அது முடிவைக் கெடுக்கும். 0.1 கிராம் காட்டும் தராசு போதும். ஒவ்வொன்றும் 100 மி.லீ.:

உப்பு 0.9 கிராம்.
யூரியா 1.8 கிராம். வயலுக்குப் போடும் வெள்ளை யூரியாவே போதும். கரையும்போது நீர் குளிரும், அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள்.
குளுக்கோசு 5.4 கிராம். பெட்டியில் மொனோஹைட்ரேற்று என்றிருந்தால் 5.9 கிராம்.
யூரியா 1.8 கிராமும் உப்பு 0.9 கிராமும் சேர்ந்தது.

ஆட்டின் செங்குழியம் மிகச் சிறியது, நீர்த்த கரைசலில் எளிதில் உடையும். நிறுவையில் அசட்டை கூடாது.

பார்த்தல்

ஐந்து குழாய்களில் 5 மி.லீ. வீதம் நான்கு கரைசல்களும் வெறும் நீரும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி இரத்தம் விட்டு, மூடி ஒருமுறை கவிழ்த்து, பின்னால் பத்திரிகைத் துண்டைப் பிடியுங்கள். எழுத்து தெரிந்தால் குழியங்கள் உடைந்துவிட்டன.

நீரில் உடனே தெரியும். யூரியாவில் சற்று நேரத்தில் தெளியும். உப்பிலும் குளுக்கோசிலும் கலங்கலாகவே நிற்கும். யூரியாவும் உப்பும் சேர்ந்த குழாயை விட்டுவிடாதீர்கள், அதுவும் கலங்கலாகவே நிற்கும். யூரியா மென்சவ்வை அரிக்கவில்லை, உள்ளே புகுந்து நீரை இழுத்ததுதான் உடைவுக்குக் காரணம் என்பதற்கு அதுவே சாட்சி.

பலர் தவறுவது இங்கேதான்: சற்று வைத்தால் குழியங்கள் அடியில் படிந்து மேலே தெளியும். உப்பில்லாத குளுக்கோசுக் கரைசலில் அவை திரண்டு சீக்கிரமே இறங்கவும் கூடும். அது உடைவு அல்ல. மெதுவாகக் கவிழ்த்தால் திரும்பக் கலங்கும். உடைந்திருந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே தெளிந்த சிவப்பு.

மனிதக் குழியத்தில்

குளுட் 1 என்பது 492 அமினோ அமிலங்கள் கொண்டு மென்சவ்வை 12 முறை கடந்து நிற்கும் புரதம். வெளிப்பக்கம் திறந்திருக்கையில் குளுக்கோசு பிணையும், புரதம் வடிவம் மாறும், உட்பக்கம் திறக்கும். இரு பக்கமும் ஒரே நேரம் திறப்பதில்லை. ஆகவே இதை ஓட்டைக் குழாய்போல் வரைவது பிழை. ஏ.டி.பி. (குழியத்தின் சக்திப் பொருள்) செலவில்லை, செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கே நிகரப் போக்கு. உள்ளே வந்ததும் எக்சோகைனேசு என்ற நொதியம் அதில் பொசுபேற்றை ஒட்டிவிடும், அதன்பின் அந்த வாயிலால் திரும்ப முடியாது. இழைமணி இல்லாத செங்குழியம் ஏ.டி.பி.க்கு இந்தக் குளுக்கோசையே நம்பியிருக்கிறது.

இந்த வாயிலுக்கு இன்சுலின் கட்டளை தேவையில்லை. சீனி வருத்தத்தில் இரத்தத்தில் குளுக்கோசு ஏறினால் குழியத்துக்குள்ளும் ஏறும், ஏறியது ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். கிளினிக்கில் எச்.பி.ஏ.1.சி. என்று பார்ப்பது அந்த ஒட்டலைத்தான். செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிகிறது.