ஜிடி3 ஆர்எஸ் வாங்கும் முன் முன்பக்க மூடியைத் திறந்து பாருங்கள்

போர்ஷேயின் ஸ்போர்ட்ஸ் காரான 911 ஜிடி3 ஆர்எஸ் (992 தலைமுறை) மீது ஆசையா? ஷோரூமில் முதலில் முன்பக்க மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சாதாரண ஜிடி3-ல் அங்கே 132 லிட்டருக்குப் பெட்டி வைக்க இடம் உண்டு. ஆர்எஸ்-ல் அந்த இடத்தைப் பெரிய ரேடியேட்டர் ஒன்று சாய்வாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பின்சீட்டும் கிடையாது. ஊருக்குப் போகும் பையை இருக்கைகளுக்குப் பின்னால்தான் திணிக்க வேண்டும்.

அப்புறம் சக்கரம். நடுவில் ஒரே ஒரு நட்டு, அதை இறுக்க வேண்டிய முறுக்குவிசை 600 நியூட்டன் மீட்டர். ஒருவர் உள்ளே பிரேக்கை அழுத்தி மிதித்திருக்க, இன்னொருவர் முறுக்குவிசையை அளந்து இறுக்கும் நீளமான டார்க் ரென்ச்சோடு மல்லுக்கட்ட வேண்டும். சாலையோரப் பஞ்சர் கடையில் நடக்கிற வேலையில்லை இது.

காரின் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். பந்தயத் தடத்தில், அதாவது டிராக்கில், ஓட்டினால் டயர் வேகமாகத் தேயும், பிரேக் ஆயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். வழக்கமான காப்பீடு டிராக்கில் ஆகும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. பாலிசியை வரி வரியாகப் படியுங்கள்.

ஜிடி3, ஆர்எஸ் இரண்டிலும் 9,000 ஆர்பிஎம் வரை பாடும் 4 லிட்டர் எஞ்சின்தான். ஜிடி3-ல் 510 குதிரைத்திறன், ஆர்எஸ்-ல் 525 என்பதே வித்தியாசம். ஆர்எஸ்-ன் உண்மையான பலம், 285 கிமீ வேகத்தில் காரைத் தரையோடு அழுத்தும் 860 கிலோ காற்றழுத்தம். வருடத்துக்கு ஐந்தாறு நாளாவது டிராக்குக்குப் போகாதவர், பின்னால் பெரிய இறக்கை இல்லாத ஜிடி3 டூரிங்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.