முதல் பிசி கேமை எந்தக் கடையில் வாங்குவது?

ஆனித் தேரோட்டத்துக்கு டவுன் ரத வீதிகள் தயாராகும் அதே வாரங்களில்தான் பெரும்பாலும், இணையத்தில் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் கடையின் கோடைத் தள்ளுபடியும் வரும். பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் கல்லூரி படிக்கும் தம்பிகள் பலர் முதல்முறை காசு கொடுத்து கேம் வாங்குவது அப்போதுதான். நண்பன் எந்தக் கடையில் வாங்கினானோ அதே கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். ஒரு ஜவுளி எடுக்கக்கூட நாலு கடை ஏறி இறங்கும் ஊர் இது. கேம் கடைகளுக்குள் நடக்கும் போட்டியின் லாபமும் அப்படி ஏறி இறங்குகிறவருக்குத்தான்.

படி 1: மூன்று கணக்குகள் தொடங்குங்கள்

ஸ்டீம், எபிக் கேம்ஸ் ஸ்டோர், ஜி.ஓ.ஜி. மூன்றிலும் கணக்கு தொடங்கக் காசு கிடையாது. நாடு என்று கேட்கும் இடத்தில் இந்தியா என்றே கொடுங்கள். வேறு நாட்டு விலைக்காக, அந்த நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் போட்டு வாங்கினால் கணக்கே முடங்கலாம். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை உடனே போட்டுவிடுங்கள். ஸ்டீமில் அதன் பெயர் ஸ்டீம் கார்டு (Steam Guard).

படி 2: இவர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வால்வ் நிறுவனம் 2003-ல் ஸ்டீமைத் தொடங்கியது. விற்கும் ஒவ்வொரு கேமிலும் கடையின் பங்கு 30 சதவீதம் என்பது நெடுங்காலம் எழுதாத சட்டம் போல இருந்தது. 2018 டிசம்பரில் எபிக் கடை திறந்து, எங்களுக்கு 12 போதும் என்றது. அதாவது 1,000 ரூபாய் கேம் விற்றால், வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், உருவாக்கியவர் கைக்கு அங்கே 700, இங்கே 880. எபிக் திறப்பதற்குச் சில நாள் முன்புதான் ஸ்டீமும் இறங்கி வந்தது. ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 என்று மாற்றியது. பெரிய நிறுவனங்களுக்கு இது நல்ல செய்தி. நாலு பேர் சேர்ந்து கேம் செய்கிற சின்னக் குழுவுக்கு அதே 30-தான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. எபிக் 2025-ல் இன்னும் ஒரு படி போய், ஒரு கேம் ஆண்டுதோறும் ஈட்டும் முதல் 10 லட்சம் டாலருக்குப் பங்கே எடுப்பதில்லை என்றது.

அதே எபிக்தான் சில கேம்களைத் தன் கடையில் மட்டுமே கிடைக்கும்படி பணம் கொடுத்துப் பூட்டியும் வைத்தது. மெட்ரோ எக்ஸோடஸ் 2019-ல் எபிக்கில் வந்து, ஸ்டீமுக்கு வர ஓராண்டு ஆனது. வாங்குகிறவருக்குத் தேர்வே இல்லாமல் செய்வதைப் போட்டி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008-ல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. வேறு வழியில் போட்டியிடுகிறது. அங்கே வாங்கும் கேமுக்குப் பூட்டு கிடையாது. இன்ஸ்டாலர் ஃபைலை இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு நெட் இல்லாமலேயே நிறுவலாம். ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் அம்பாசமுத்திரம், கடையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. ஸ்டீமில் நாம் வாங்குவது விளையாடும் உரிமம் மட்டுமே. 2024 முதல் காசு கட்டும் இடத்திலேயே அதை எழுதிக் காட்டுகிறார்கள்.

படி 3: விலையை ஒப்பிடுங்கள்

பிடித்த கேமை மூன்று கடையிலும் விஷ்லிஸ்டில் போடுங்கள். விலை இறங்கினால் மெயில் வரும். அப்புறம் ‘இஸ் தேர் எனி டீல்’ என்ற தளத்தில் கேம் பெயரைத் தேடுங்கள். இன்று எந்தக் கடையில் என்ன விலை, இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலை எது, இரண்டும் தெரியும். ‘75 சதவீதம் தள்ளுபடி’ என்ற பச்சைப் பட்டையைவிட அந்தப் பழைய குறைந்த விலையைத்தான் நான் நம்புவேன். அதற்குப் பக்கத்தில் வந்திருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருங்கள். டிசம்பர் கடைசியிலும் ஒன்று வரும்.

மூன்றிலும் ஒரே விலை என்றால்? சின்னக் குழுவின் கேம் என்றால் நான் எபிக்கில் வாங்கச் சொல்வேன். வாங்கியவர்களின் விமர்சனம் படிக்க மட்டும் ஸ்டீமுக்குப் போங்கள், அந்த விஷயத்தில் அதற்கு இணை இல்லை.

படி 4: வியாழக்கிழமையை மறக்காதீர்கள்

எபிக் வாரந்தோறும் வியாழன் இரவு, நம் நேரப்படி 8.30 அல்லது 9.30 மணிக்கு, ஒரு கேமாவது இலவசமாகத் தரும். அந்த ஒரு வாரத்துக்குள் ‘கெட்’ பொத்தானை அழுத்திவிட்டால் கேம் உங்கள் கணக்கில் நிற்கும், இறக்குவது எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐ இப்படிக் கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் தளமே படுத்துவிட்டது.

படி 5: காசு கட்டுதல்

ஸ்டீமில் ரூபாய் விலை 2015-லிருந்தே உண்டு, யுபிஐயில் கட்டலாம். விலை டாலரில் காட்டினால் கவனம்: கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும், வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணமும் சேர்க்கும். அதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் 100 ரூபாய்க்கு விற்கும் ‘ஷேர்டு அக்கவுண்ட்’ பக்கமே போகாதீர்கள். அது இன்னொருவர் கணக்கு, நாளை பாஸ்வேர்டை மாற்றினால் கேமும் போச்சு, காசும் போச்சு. யாரென்றே தெரியாதவர் விற்கும் மலிவுக் கீயும் (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) அப்படித்தான். திருட்டுக் கார்டில் வாங்கியதாக இருந்தால் பின்னால் ரத்தாகிவிடும். வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் காசைத் திருப்பித் தராது.

படி 6: பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடுங்கள்

பழைய லேப்டாப்பில் கேம் திக்கித் திணறினால் பல்லைக் கடித்துக்கொண்டு விளையாட வேண்டாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பும். ஹெல்ப் பகுதியில் ஸ்டீம் சப்போர்ட், அதில் அந்த கேம், அதில் ரீஃபண்ட். பணம் வாலட்டுக்கா, கட்டிய வழிக்கா என்று கேட்கும். வாலட் என்றால் அது அந்தக் கடையிலேயே செலவாக வேண்டும் என்பதை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். எபிக்கிலும் இதே கணக்கு, ஆனால் ரீஃபண்ட் கிடையாது என்று குறித்த பொருட்களும் உண்டு. ஜி.ஓ.ஜி.யில் ஆடிய பிறகும் 30 நாள் வரை கேட்கலாம். வாங்கிய அன்றே அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கேம் திறந்து மெனுவில் சும்மா நின்றாலும் ஸ்டீம் அதை ஆடிய நேரமாகவே எண்ணும். சாப்பிடப் போவதற்கு முன் மூடிவிட்டுப் போங்கள்.