சீனப் பயணிகளுக்கு டிரான்சிட் சலுகை: பேச்சுவார்த்தை சறுக்கும் இடங்கள்

டிரான்சிட், அதாவது வேறொரு நாட்டில் விமானம் மாறிச் செல்வது, குறித்து அரசுகள் நடத்தும் பெரும்பாலான பேச்சுகளில், பயணி விமானம் மாறும் நாட்டின் விதியை மட்டுமே அலசுகிறார்கள். புறப்படும் நாட்டின் குடியகல்வுச் சோதனை மறந்துபோகிறது. இது எவ்வளவு பெரிய தவறு என்பதைத் தைவான் விவகாரம் காட்டுகிறது.

சீனப் பெருநிலத்தவர் தைவான் செல்ல வழக்கமான பாஸ்போர்ட் உதவாது. பெய்ஜிங் தரும் தனிப் பயண அனுமதியும் தைவானின் நுழைவு அனுமதியும் வேண்டும். ஆனால் தைவானின் தாவ்யுவான் விமான நிலையத்தில் விமானம் மாறி அமெரிக்கா போகிறவர் கையில் பாஸ்போர்ட்டும் அமெரிக்க விசாவும் தொடர்பயண டிக்கெட்டும்தான் இருக்கும். தைவான் சம்மதித்தாலும், புறப்படும் ஊரின் அதிகாரி அவற்றை ஏற்காவிட்டால் பயணி விமானமே ஏற முடியாது. எனவே இரு தரப்புச் சோதனைக்கும் பொருந்தும் ஒரே ஆவணப் பட்டியல் ஒப்பந்தத்தின் முதல் வரைவிலேயே இடம்பெற வேண்டும்.

சோதனை முயற்சியை முழு ஏற்பாடாக நம்புவது அடுத்த தவறு. 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு பிப்ரவரியில் தொடங்கிய தைவான் டிரான்சிட், சீனாவின் நான்சாங், குன்மிங், சோங்சிங் ஆகிய மூன்று நகரங்களுக்கு மட்டுமே தரப்பட்ட சோதனை முயற்சி. பெய்ஜிங்கும் ஷாங்காயும் குவாங்சோவும் பட்டியலில் இல்லை. நெடுந்தூரப் பயணிகள் குவியும் ஊர்களோ அவைதான். அந்த ஆண்டு மே 20 அன்று சாய் இங்-வென் தைவான் அதிபரானபின் பெய்ஜிங் தைவானுடனான அதிகாரபூர்வத் தொடர்பை நிறுத்தியது. கூடுதல் நகரங்களைக் கேட்கப் பேச்சு மேசையே இல்லாமல் போயிற்று. விரிவாக்கத்தின் கட்டங்களையும் தேதிகளையும் நல்லுறவு இருக்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.

விமானம் தவறினால் என்ன செய்வது என்பதை எழுதாமல் விடுவதும் உண்டு. கனடா, அமெரிக்க விசா வைத்திருக்கும் சீனர்களை விசா இன்றி விமானம் மாற அனுமதிக்கிறது. ஆனால் அங்கீகரித்த விமான நிறுவனமும் அங்கீகரித்த விமான நிலையமும் கட்டாயம். இத்தகைய ஏற்பாட்டில் இணைப்பு விமானம் ரத்தாகி, பயணி இரவு தங்க ஓட்டலுக்குப் போக நேர்ந்தால், அது நாட்டுக்குள் நுழைவதாகிவிடும். பெட்டியைத் தானே எடுத்து மறுபடி பதிய வேண்டிய தனித்தனி டிக்கெட்டுகளிலும் இதே சிக்கல். இந்த இரண்டுக்கும் தனி விதி தேவை.

பரஸ்பர விசா விலக்கு கிடைக்கும் நிலை இருந்தால் டிரான்சிட்டுக்கென்று மல்லுக்கட்ட வேண்டாம். சிங்கப்பூரும் சீனாவும் 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் விலக்கு தந்துகொண்டதும், அந்தப் பயணிகளுக்கு டிரான்சிட் விசா என்ற பேச்சே எழவில்லை.

கடைசியாக, செக்-இன் கவுன்ட்டர். தவறான ஆவணத்தோடு பயணியை ஏற்றினால் பல நாடுகளில் அபராதம் விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும்; சந்தேகம் வந்தால் ஊழியர் ஏற்றமாட்டார். ஆகையால், நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே, பயண ஆவண விதிகளுக்காக ஊழியர்கள் பார்க்கும் டைமாட்டிக் தரவுத்தளத்தில் புதிய விதி ஏறியிருக்க வேண்டும்.