எஸ்.பி. ரோட்டில் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு

சனிக்கிழமை மதியம் பெங்களூர் டவுன் ஹால் பக்கமாக, கணினிப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குள் நுழைந்தால், போனில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் பையன்களைப் பார்க்கலாம். ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் இருப்பார்கள், அல்சூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் இருப்பார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் இதே கவுன்டர்களில் நின்றவர்கள் செய்த தவறுகளையே, கார்டின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, இவர்களும் செய்கிறார்கள். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகுவதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடலாம். கீழே இருப்பவை காசோடு போகும் தவறுகள்.

பெயரைக் கேட்டு வாங்குவது

எரிச்சலில் முதலிடம் இதற்குத்தான். ‘3050 என்ன விலை?’ என்று ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டைக் கேட்கிறான் ஒரு பையன். அடுத்த கடையில் அதே 3050 சில ஆயிரம் குறைவு. முதல் கடைக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று முடிவுகட்டி, குறைந்த விலைக்காரரிடம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போகிறான். விலையில் இரண்டு பேரும் ஏமாற்றவில்லை. இரண்டும் வேறு வேறு கார்டு, அவ்வளவுதான்.

2022 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இல் 8 ஜிபி மெமரி, 2,560 கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 128 பிட் பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே தரவு போகும் வழி), 130 வாட். 2024 பிப்ரவரியில் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் 2,304 கோர், 96 பிட் பஸ், 70 வாட். கவுன்டரில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

“அண்ணா, ரெண்டு ஜிபிதானே கம்மி?”

“ஆமா தம்பி, மத்ததெல்லாம் சேம்தான்.”

சேம் இல்லை. உண்மையில் அந்த இரண்டு ஜிபியைவிட மற்றதில்தான் அடி அதிகம். கிடங்கு எவ்வளவு பெரிது என்பதை ஜிபி சொல்கிறது, வாசல் எவ்வளவு அகலம் என்பதை பஸ்ஸின் பிட் சொல்கிறது. வாசல் குறுகினால் மூட்டை வெளியே வர நேரமாகும். கணக்கும் எளிது. பஸ் அகலத்தை 8ஆல் வகுத்து, மெமரியின் வேகத்தால் (இரண்டிலும் 14) பெருக்க வேண்டும். 8 ஜிபி கார்டுக்கு 128/8 × 14, அதாவது வினாடிக்கு 224 ஜிபி. 6 ஜிபி கார்டுக்கு 96/8 × 14, அதாவது 168 ஜிபி. கால்வாசி வழி அடைபட்டுவிட்டது, கோரிலும் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆர்டிஎக்ஸ் 3060இலும் இதே கதைதான். 12 ஜிபி கார்டு 192 பிட், வினாடிக்கு 360 ஜிபி. பின்னால் வந்த 8 ஜிபி கார்டு 128 பிட், 240 ஜிபி. இரண்டிலும் கோர் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால், கோரை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. ஜிடி 1030 இதைவிட மோசம். 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியோடு, வினாடிக்கு 48 ஜிபி. 2018இல் அதே பெயரில், கணினியின் சாதாரண ரேமில் இருக்கும் டிடிஆர்4 வகையைப் போட்டு விட்டார்கள், 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல்தான் தேறும். இரண்டு பெட்டியிலும் ‘2 ஜிபி’ என்றுதான் அச்சடித்திருக்கும். ஜிடிஎக்ஸ் 1060 காலத்திலேயே 3 ஜிபி கார்டில் கோரையும் 1,280லிருந்து 1,152ஆகக் குறைத்திருந்தார்கள். பழைய கார்டுச் சந்தையில் இன்னும் சுற்றும் ஏஎம்டியின் ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்பது பெயரில் மட்டுமே 580. அசல் 580இல் 2,304 கோர். 2,048 கோர் இருப்பது 570இல்.

2022இல் 12 ஜிபி, 16 ஜிபி என்று மெமரியில் மட்டுமல்லாமல் சிப்பிலும் வேறான இரண்டு கார்டுகளை ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில், ஆர்டிஎக்ஸ் சிப்புகளைத் தரும் நிறுவனமான என்விடியா அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 12 ஜிபியை விற்பனைக்கு வருமுன்பே வாபஸ் வாங்கியது. அது 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று வந்தது. விலை உயர்ந்த கார்டு என்பதால் கூச்சல் கிளம்பியது. 3050 வாங்குகிறவனுக்காக அப்படி யாரும் கூச்சல் போடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு ‘ஜிபி முக்கியமில்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐயில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு உண்டு. கோரும் ஒன்றே, 128 பிட்டும் ஒன்றே, 288 ஜிபி வேகமும் ஒன்றே. வித்தியாசம் நிஜமாகவே மெமரியில் மட்டும்தான். விளையாட்டு 8 ஜிபிக்குள் அடங்கும்வரை இரண்டும் ஒரே ஓட்டம் ஓடும். அதைத் தாண்டியதும் மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து, கார்டு உட்காரும் மதர்போர்டு ஸ்லாட் வழியாக இழுக்க வேண்டிவரும், படம் விட்டுவிட்டு வெட்டும். சராசரி எஃப்.பி.எஸ். (வினாடிக்கு எத்தனை படம்) எண்ணில் இது சரியாகத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும்.

கவுன்டரில் செய்ய வேண்டியது: எத்தனை ஜிபி, எந்த வகை மெமரி, எத்தனை பிட் என்று மூன்றையும் கேளுங்கள். பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் அடித்துப் பாருங்கள், கடையின் விலைப்பட்டியலில் அல்ல. 3050ஐப் பொறுத்தவரை கண்ணாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கார்டின் மேல் விளிம்பில் பவர் கேபிள் செருகும் இடம் இல்லையென்றால் அது 6 ஜிபி.

அந்த 6 ஜிபி கார்டு குப்பை என்று சொல்லவில்லை. ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் பிசிகள் இந்தத் தெருவுக்கு நிறைய வருகின்றன. அவற்றின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (கணினிக்குள் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி) கார்டுக்கென்று தனி கேபிளே இருக்காது. அதில் போட இதைவிடப் பொருத்தமான கார்டு அதிகமில்லை. கேபினட் ஒல்லியாக இருந்தால் பாதி உயரக் கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கார்டுக்குக் கொட்டிவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிப்பது

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கத்தில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை மறந்துவிட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 18 ஆம்ப் என்றிருந்தால் 12 × 18, மொத்தம் 216 வாட். கார்டும் பிராசஸரும் அநேகமாக முழுத் தீனியையும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 130 வாட் கார்டையும் 90 வாட் எடுக்கும் பிராசஸரையும் இதில் மாட்டினால், டெஸ்க்டாப் வரை ஒழுங்காக வரும். விளையாட்டில் பெரிய சண்டைக் காட்சி வந்ததும் ரீஸ்டார்ட் ஆகும். பழி கார்டின் தலையில் விழும்.

ஸ்லாட் தருவது 75 வாட், 6 பின் கேபிள் 75, 8 பின் கேபிள் 150. ஹார்ட் டிஸ்க்குக்கான மோலெக்ஸ் கேபிள் இரண்டை 8 பின்னாக மாற்றித்தரும் அடாப்டரைக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த மெல்லிய வயர் 150 வாட்டுக்குச் செய்ததல்ல. பிளாஸ்டிக் உருகும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாடுலர் கேபிளைப் புதியதில் செருகுவது

கூடவே கூடாது. மாடுலர் என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றி மாட்டும் கேபிள். அதன் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. வடிவம் பொருந்தும், பாகம் எரியும்.

யு.பி.எஸ்.ஸை மறப்பது

பெங்களூரில் ஒரு மழை விழுந்தால் கரண்ட் போகும் என்பதால் எல்லோர் வீட்டிலும் 600 விஏ யு.பி.எஸ். ஒன்று இருக்கும். அதன் அடியில் வழக்கமாக எழுதியிருக்கும் வாட் 360. 200 வாட் கார்டு, 100 வாட் பிராசஸர், மானிட்டர், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வீணாவது எல்லாம் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும். கரண்ட் இருக்கும்வரை குறை தெரியாது. போன மறுநொடியே ஒரு பீப் சத்தத்தோடு எல்லாம் அணையும். 1 கேவிஏ யு.பி.எஸ்.ஸுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள், இல்லையென்றால் விளையாடும்போது கரண்ட் போனால் போகட்டும் என்று விடுங்கள்.

ஸ்லாட்டின் வயதைப் பார்க்காதது

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஸ்லாட்டில் நான்கே லேனில் (தரவு போகும் தடம்) பேசும் கார்டு. ஸ்லாட் பிசிஐஇ 4.0 தலைமுறையாக இருக்கும் போர்டில் சமாளிக்கும். பழைய 3.0 போர்டில் வழி பாதியாகும், அதன் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் தடுமாறும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள்தான் மலிவு கார்டைத் தேடி வருகிறார்கள் என்பது வேறு விஷயம். அதில் வீடியோ என்கோடரும் இல்லை. விளையாடுவதைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அந்தச் சுமை பிராசஸர் மேல் ஏறும்.

இன்டெல் ஆர்க் கார்டு வாங்குவதாக இருந்தால், முதலில் உங்கள் மதர்போர்டின் பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஆர்க் கார்டின் வேகம் வெகுவாகச் சரியும்.

நீளம் அளக்காதது

மூன்று ஃபேன் கார்டுகளில் பல 300 மி.மீ. தாண்டும். கேபினட்டின் பின் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை டேப் பிடியுங்கள். முன்னால் பிராசஸரின் நீர்க் குளிர்விப்பு ரேடியேட்டர் இருந்தால் ஃபேனோடு சேர்த்து சுமார் 52 மி.மீ. போய்விடும்.

லேப்டாப்பை டெஸ்க்டாப்போடு ஒப்பிடுவது

பெயர் ஒன்று, வேகம் வேறு. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 என்பது 35 வாட்டும் ஆகலாம், 115 வாட்டும் ஆகலாம்.

பில் இல்லாமல் வாங்குவது

18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். வாரன்டிக்குப் போனால் முதலில் கேட்பது பில்லைத்தான். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும், அதுவும் கார்டின் பின்பக்க எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய கார்டைக் கையில் பார்த்து முடிப்பது

ஓட்டிக் காட்டாத பழைய கார்டை வாங்க வேண்டாம். கடையின் டெஸ்ட் பெஞ்சில் மாட்டச் சொல்லி, ‘ஜிபியு-இசட்’ என்ற சின்ன மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். அது இலவசம்தான், பென் டிரைவில் நீங்களே கொண்டுபோனால் இன்னும் நல்லது. கோர் எண்ணிக்கை, மெமரி வகை, பஸ் அகலம் மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற அரதப் பழசின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்ற காலம் ஒன்று இருந்தது. 2018இல் வந்த பதிப்பிலிருந்து, அப்படிப்பட்ட என்விடியா கார்டின் பெயருக்கு முன்னால் அந்த மென்பொருளே ‘ஃபேக்’ என்று போட்டுவிடும்.

பிறகு கார்டை முழு வேகத்தில் உழைக்கவைக்கும் ஏதாவது ஒரு லோடு டெஸ்டைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எந்தக் கார்டும் நல்ல கார்டுதான். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் வெப்பநிலை ஒரு இடத்தில் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா, எல்லா ஃபேனும் சுற்றுகிறதா, திரையில் புள்ளியோ கோடோ மின்னுகிறதா என்று பாருங்கள். “அவ்ளோ நேரமெல்லாம் ஓட்ட முடியாது தம்பி, பின்னாடி கஸ்டமர் நிக்கிறாங்க” என்பார் கடைக்காரர். பக்கத்துக் கடைக்குப் போங்கள்.