40 மீட்டர் டைபோலுக்கு எத்தனை மீட்டர் கோக்ஸ் போடலாம்?

40 மீட்டர் என்பது ஒரு ஹாம் ரேடியோ அலைவரிசை; டைபோல் என்பது நடுவில் கேபிள் சேரும், இரண்டு பக்கமும் கம்பி நீளும் ஆன்டெனா. கோக்ஸ் (ஷீல்டு போட்ட கோஆக்சியல் கேபிள்) ரிக்கிலிருந்து, அதாவது ரேடியோ செட்டிலிருந்து, ஆன்டெனாவின் நடுப்பகுதி வரை எட்டினால் போதும். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை; 50 ஓம் கோக்ஸின் நீளத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. கேபிளை ஒரு மீட்டர் கூட்டியதும் அளவு வெகுவாக மாறுகிறதா? ஷீல்டின் வெளிப்புறத்தில் ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம்) ஓடுகிறது, கேபிளே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிட்டது என்று பொருள். டிரான்ஸ்மிட் செய்யும்போது மைக்கைத் தொட்டால் சுரீரென்பதும் பெரும்பாலும் இதனால்தான். எஃப்டி240-43 டொராய்டில் (ஃபெரைட் வளையம்) ஆர்ஜி-58 கேபிளை (மெல்லிய 50 ஓம் கோக்ஸ்) 12 சுற்று சுற்றி, ஃபீட் பாயின்ட்டிலேயே (கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடம்) அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக்காகப் போடுங்கள்.

அடுத்து கம்பி. இந்தியாவில் 40 மீட்டர் பேண்ட் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை, நடு 7.1. அரை அலை டைபோலுக்கான எண்ணான 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.14 மீட்டர், பக்கத்துக்கு 10.07. ஆனால் 10.4 மீட்டராக வெட்டுங்கள். பிவிசி உறையுள்ள வயரிங் கம்பி என்றால் கடைசியில் 2-3 சதவீதம் குறைவாகவே நிற்கும். மிச்சத்தை நறுக்காமல் முனையில் மடித்து, கம்பியின் மேலேயே இறுகச் சுற்றுங்கள். நறுக்கியதை ஒட்டவைப்பது பெரும் தொல்லை. பக்கத்துக்கு 10 செ.மீ. குறைத்தால் ரெசனன்ஸ் (ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்) ஏறத்தாழ 70 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைக்க வேண்டும்.

நடுவை உயர்த்தி முனைகளைச் சரித்துக் கட்டும் இன்வெர்ட்டட் வி 50 ஓமை நெருங்கும். இரு கம்பிகளுக்கும் இடையே 90 டிகிரிக்குக் குறைய வேண்டாம். நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவி) இருந்தால் கோக்ஸின் ஆன்டெனா முனையில் ஓப்பன், ஷார்ட், லோட் என்ற மூன்று முனைகளை மாறி மாறி வைத்து கேலிப்ரேட் செய்யுங்கள். கீழே நின்றபடியே ஃபீட் பாயின்ட்டின் உண்மையான இம்பீடன்ஸ் (ஓமில் வரும் மின்தடை) தெரியும்.

நீளம் கறாராக இருக்க வேண்டிய இடம் வேறு. முழு அலை லூப் (ஓர் அலைநீளக் கம்பியை வளையமாகக் கட்டும் ஆன்டெனா) ஏறக்குறைய 110 ஓம் காட்டும். அதற்கும் 50 ஓம் கேபிளுக்கும் நடுவே கால் அலை நீளத்தில் 75 ஓம் கோக்ஸ் வேண்டும்: 75 ÷ 7.1 × 0.66 = 6.97 மீட்டர் (இந்த 75 ஓம் அல்ல, 300-இல் கால்). 0.66 சாலிட் பாலிஎத்திலீன் கேபிளுக்கான வெலாசிட்டி ஃபேக்டர், அதாவது ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அலை கேபிளில் செல்கிறது என்பது. ஃபோம் கேபிளுக்கு 0.8-ஐ ஒட்டி இருக்கும், டேட்டாஷீட்டைப் பாருங்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். பேண்ட் முழுக்க 1.2 என்று தட்டையாக நின்றால் சந்தோஷப்படாதீர்கள், கேபிளைச் சந்தேகப்படுங்கள். மழைநீர் ஷீல்டுக்குள் இறங்கினால் லாஸ் கூடி, திரும்பி வரும் பவரை விழுங்கிவிடும். ஆன்டெனாவைக் கழற்றி, சாதாரணமாக, கருவியின் முனையிலேயே கேலிப்ரேட் செய்த நானோவிஎன்ஏயால் கேபிளை மட்டும் அளந்து பாருங்கள், டிரான்ஸ்மிட்டரை மாட்டாதீர்கள். நல்ல ஆர்ஜி-58, 30 மீட்டருக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 7 அளவில் காட்ட வேண்டும். 3 காட்டினால் போகும்போதே பாதி பவர் கேபிளில் தீர்கிறது; மாற்றிவிடுங்கள்.